வராத ஆளுக்கும் ஒரு மூட்டை

“யாரு யாரு ஏறுவா?”

போர்ட் கிள்ளானில், ஜெட்டி என்று நாங்கள் சொல்கிற படகுத்துறைக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் பட்டறைக்கார அக்கா முதலில் கேட்பது இதைத்தான். வணக்கம் கிடையாது, பசியாறியாச்சா கிடையாது. வந்தவர் மலாய்க்கார மீனவர் என்றால் மலாயில் கேட்பார், கேத்தாம் தீவுச் சீனர் என்றால் அரைகுறை ஹொக்கியனில் கேட்பார். கேள்வி மட்டும் மாறாது. பட்டறைச் சுவர் முழுக்க ஆணியடித்து புரொப்பெல்லர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சினுக்கு அடியில், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற அந்தச் சக்கரத்தை நாங்கள் காத்தாடி என்போம். காத்தாடி வாங்க வந்தவர் சுவரைப் பார்ப்பார். அக்கா வந்தவரைப் பார்ப்பார்.

“ரெண்டு பேருதான்க்கா. நானும் என் தம்பியும்.”

“ஐஸ் பெட்டி?”

“ஒண்ணு இருக்கு.”

“வலை?”

“வலை இல்லாமயா?”

“காஞ்ச வலையா, நனைஞ்ச வலையா?”

இந்த இடத்தில் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். அக்கா விடமாட்டார். “போறப்ப என்னா எடைன்னு என்கிட்ட சொல்லாதே லா. திரும்பி வரப்ப என்னா எடை, அதைச் சொல்லு.”

அவர் கணவர் எஞ்சின் மெக்கானிக். நல்ல கைக்காரர், பேச்சு குறைவு, கோபம் அதிகம். எஞ்சினைப் பிரித்து மாட்டுவது அவர் வேலை. எந்தப் படகுக்கு எந்தக் காத்தாடி என்று சொல்வது அக்காவின் அதிகாரம். அதில் கணவர்கூடத் தலையிட முடியாது. அக்கா ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததே இல்லை. நான் சொல்வதெல்லாம் பல வருடங்களுக்கு முந்தைய கதை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த காத்தாடி இன்றைக்கும் எங்கள் படகில்தான் சுற்றுகிறது.

அக்காவிடம் ஒரே ஒரு குணம்தான் இருந்தது என்று தோன்றும். எதையும் அதன் நல்ல நாளில் வைத்துப் பார்க்க மாட்டார். அது மிகவும் திண்டாடப்போகிற நாளை முன்கூட்டியே வரவழைத்து, அந்த நாளில் வைத்துத்தான் பார்ப்பார்.

செருப்பு வாங்கப் போனால், நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பிறகு சாயங்காலம்தான் போவார். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காஜாங்கில் மண்டபம் பார்த்தார்கள். குடும்பமே காலையில் போய் ஏசி, மேடை, அலங்கார விளக்கு எல்லாம் பார்த்து மயங்கி வந்தது. அக்கா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனார். அங்கே முன்பின் தெரியாத யாருடைய கல்யாணமோ நடந்துகொண்டிருந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். “இந்த மண்டபம் வேணாம். கை கழுவுற எடத்துல சண்டை வருது” என்றார். அவ்வளவுதான், வேறு மண்டபம் பார்த்தார்கள்.

அதிலாவது சிரிக்க இடம் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது அப்படி இல்லை.

அக்காவின் தங்கை அங்கே அடுக்குமாடியில் வாடகைக்கு வீடு பார்த்தார். உயரமான மாடி, நல்ல காற்று, கீழேயே ஸ்டேஷன். எல்லோரும் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அக்கா லிஃப்டுக்குள் போய் அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறாய் என்று தங்கை கேட்டதற்கு, “பெட்டி நிக்குமான்னு பாக்குறேன்” என்றாராம். தங்கைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அழுதுவிட்டார்.

“குடி போறதுக்கு முன்னாடியே சவப்பெட்டியா? வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?”

“ஒன் மாமனாருக்கு வயசு என்னா? இந்த லிஃப்ட்ல பெட்டி போகாது. படியில இத்தன மாடி எறக்கணும். அவரு பாரம் உனக்குத் தெரியுமில்ல?”

கடைசியில் பக்கத்துக் கட்டடத்தில், பெரிய லிஃப்ட் உள்ள வீட்டுக்குத்தான் போனார்கள். ஓரிரண்டு வருடத்தில் மாமனார் தவறினார். பெட்டி சிரமமில்லாமல் இறங்கியது. அன்று தங்கை அக்காவுக்குப் பக்கத்தில் வரவே பயந்ததாக என்னிடமே சொன்னார். எனக்கும் அக்காவிடம் கொஞ்சம் அந்தப் பயம் இருந்தது. அன்பும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நான் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது எங்கள் படகால்தான்.

நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தோம். சனி ஞாயிறில் தூண்டில்காரர்களை ஏற்றுவோம். மற்ற நாளில் காலையில் அஸ்தி கரைக்கப் போகிறவர்களை ஏற்றுவோம். கிள்ளான் வட்டாரத்தில் இந்த வேலைக்கு என்றும் குறைவில்லை. ரவாங்கிலிருந்தும் சாலாக் செலாத்தானிலிருந்தும்கூடக் குடும்பங்கள் வேன் பிடித்து எங்கள் ஜெட்டிக்குத்தான் வரும்.

வாங்கிய அன்று நானும் மச்சானும் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்தோம். படகு பறந்தது. மச்சான் விசில் அடித்தான். முதல் சவாரிக்கு வந்த குடும்பம், நாலு பேர்தான் என்று போனில் சொல்லியிருந்தது. நம்மவர்கள் நாலு பேர் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மருமகன், மருமகனின் நண்பன் என்று லைசென்ஸ் அனுமதித்த கடைசி ஆள் வரைக்கும் ஏறிவிட்டார்கள். யாரை இறங்கச் சொல்வது? சாவு வீட்டில் ஒருவரை நீ வராதே என்று சொன்னால் அது ஏழு தலைமுறைப் பகை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமுங்கி, எஞ்சின் முக்க முக்க நகர்ந்தது. அஸ்திச் சட்டியை மடியில் வைத்திருந்த மூத்த மகன் கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டார். “எங்கப்பா உயிரோட இருந்தப்ப நடந்தே இதைவிட வெரசா போவாரு, பாஸ்.”

மறுநாள் பட்டறைக்குப் போனோம். மச்சான் நேராகச் சுவரைப் பார்த்து, மின்னுகிற ஸ்டீல் காத்தாடி ஒன்றைக் காட்டி, “இது போட்டா வேகம் வரும்ல?” என்றான்.

“யாரு யாரு ஏறுவா?”

சொன்னோம். அஸ்தி கரைக்கும் படகு என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காத்தாடியில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று அகலம். இன்னொன்று, ஒரு சுற்றுக்கு அது படகை எவ்வளவு தூரம் முன்னால் தள்ளப் பார்க்கும் என்பது. இந்த இரண்டாவது அளவு பெரிதானால் ஆளில்லாத படகு பறக்கும். ஆள் ஏறினால், மேட்டில் டாப் கியர் போட்ட லோரி மாதிரி எஞ்சின் திணறும். ரொம்பச் சிறிதானால் எஞ்சின் வீணாகக் கத்தும். முழு வேகத்தில் எஞ்சினின் சுற்றைக் காட்டும் முள் எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு. முழுப் பாரத்தோடு அந்த எல்லைக்குள் முள் நின்றால் அதுதான் அந்தப் படகுக்கு உரிய காத்தாடி. இது படகுக்காரர்கள் பலருக்கும் தெரிந்த விஷயம்தான். முழுப் பாரம் என்றால் எது என்பதில்தான் அக்கா மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்.

“மணல் மூட்டை கொண்டாங்க” என்றார்.

கட்டடச் சாமான் கடையிலிருந்து மணல் மூட்டைகளை இரவல் வாங்கி வந்தோம். அக்கா ஜெட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் உறவுமுறை வைத்து ஏற்றினார். அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“இது பெரியப்பா. முன்னாடிதான் உக்காருவாரு, எழுப்பினாலும் போக மாட்டாரு. இது சட்டி வச்சிருக்கிற மகன், நடுவுல வை. இது ரெண்டும் மருமவனுங்க, பேச மாட்டானுங்க, அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் போடு. இது அழுதுக்கிட்டே ஒரு பக்கமா சாயுற சித்தப்பா. ஓரமா வை, இன்னும் ஓரமா.”

மச்சான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் முந்தின நாள் சவாரியில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் அதே இடம். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்கள் மூவரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இன்னும் ஒரே ஆளுக்குத்தான் இடம் இருந்தது. மச்சான் போதும் என்றான். அக்கா எழுந்து, வாய் கட்டாத மூட்டை ஒன்றில் கையால் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் கொட்டினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு யாரையும் தொடவிடாமல் தானே இழுத்துவந்து, பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது யாருக்கா?”

“வராத ஆளு.”

“வராத ஆளுக்கு எதுக்குக்கா மூட்டை?”

“வந்துட்டா?”

எஞ்சினில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு ஒரே மகன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டான். என்ன சண்டை என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அப்பா மேல் கையை ஓங்கினான் என்பது மட்டும் எல்லாக் கதையிலும் இருந்தது. அன்றைக்கே கணவர் தன் தம்பிகளைக் கூட்டிவைத்து, “நான் செத்தா என் சாம்பலக்கூட அவன் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டார். மகன் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அக்காவும் எடுத்து நான் கேட்டதில்லை.

அந்த மூட்டைகளோடு படகை மூன்று தடவை கடலுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு தடவையும் வேறு காத்தாடி. அக்கா படகின் மூக்கில், போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். எல்லோரும் முன்னால் பார்க்க, அவர் மட்டும் பின்னால் பார்ப்பார். எஞ்சினை, அதற்குப் பின்னால் கொதிக்கிற தண்ணீரை, ஏற்றிவைத்த பாரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். மூன்றாவதாக மாட்டியது நாலு இறக்கை உள்ள அலுமினியக் காத்தாடி. பார்க்க ஒன்றும் அழகில்லை. மச்சான் அக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்ததும் படகு ஒரு மூச்சு இழுத்து, மூக்கை இறக்கி, தண்ணீர் மேல் ஏறிப் படுத்தது. முள் எல்லைக்குள் போய் நின்றது. அக்கா முள்ளைப் பார்த்தார், பின்னால் இருந்த அந்தக் கடைசி மூட்டையைப் பார்த்தார்.

“சரியா இருக்கு” என்றார்.

கரைக்கு வந்ததும் இன்னொரு கட்டளை. மாலையை அப்படியே கடலில் போடவிடக் கூடாது. மாலை கட்டுகிற நைலான் நூல் காத்தாடியில் சுற்றி, உள்ளே போய் எண்ணெய் கசியாமல் தடுக்கிற அடைப்பை அறுத்துவிடும். “ஜெட்டியிலயே உதுத்து, பூவா கொண்டு போகச் சொல்லு. நூலைக் கரையிலயே வாங்கி வச்சிக்க.” அன்றிலிருந்து எங்கள் படகில் அதுதான் சட்டம்.

சில வருடங்கள் கழித்து அக்காவின் கணவர் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. தகனம் முடிந்த மறுநாள் காலை, அஸ்தி எங்கள் படகில்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லியனுப்பினார்.

நாங்கள் வெள்ளனவே போய்ப் படகைக் கழுவி வைத்தோம். அக்கா அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஜெட்டித் தரையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்து, கணவருக்குப் போட்ட மாலைகளை மடியில் போட்டு, ஒவ்வொரு பூவாக உருவிக்கொண்டிருந்தார். நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் அந்த நூல் சுருளை என்னிடம் நீட்டினார். “எல்லாம் வந்துருச்சான்னு பாத்துக்க” என்றார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொம்பளைகள் கடலுக்குப் போகிற வழக்கமில்லை என்று பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. பண்டாரம் பூசை முடித்தார். கணவரின் தம்பி சட்டியை எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். பெரியப்பா முறை ஆனவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மருமகன் முறைக்காரர்கள் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போனார்கள். மணல் மூட்டைகள் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே ஆட்கள் போய் அமர்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் கார் நிறுத்துகிற இடத்தில் அவன் நிற்பதைக் கவனித்தேன். மழிக்காத தாடி, கசங்கிய சட்டை. கிட்டே வரவும் இல்லை, போகவும் இல்லை. சொல்லாமலே தெரிந்தது, அக்காவின் முகவெட்டு அப்படியே இருந்தது.

சட்டி வைத்திருந்த தம்பியும் பார்த்துவிட்டார். “போட்டை எடுங்க, தம்பி. ஆளு நெறைஞ்சாச்சு” என்றார்.

“இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு” என்றார் அக்கா.

“அண்ணி, அண்ணன் என்னா சொல்லிட்டுப் போயிருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியும். எங்க முன்னாடிதான் சொன்னாரு.”

தம்பி மச்சானைப் பார்த்தார். பாவம் மச்சான், சாவு வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் சாய முடியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தப்பிக்கப் பார்த்தான்.

“இன்னொரு ஆள் ஏறுனா போட் இழுக்காதுக்கா” என்றான்.

உலகத்தில் அக்காவிடம் சொல்லவே கூடாத பொய் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அக்கா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

“எது இழுக்காது? நான் போட்டுக் குடுத்த காத்தாடியா?”

“இல்லக்கா, அது வந்து...”

“அன்னைக்கி மணல் மூட்டை ஏத்துனோமே, இழுத்துச்சா இல்லையா?”

“இழுத்துச்சுக்கா.”

“கடைசி மூட்டை எங்க இருந்துச்சு? சொல்லு.”

மச்சான் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் கையால் காட்டினான்.

“அது இவனோட எடை. நான் தூக்கிப் பாத்துத் தூக்கிப் பாத்து வச்ச எடை. இவனையும் சேத்துத்தான் அந்தக் காத்தாடியே போட்டிருக்கு.” பிறகு கணவரின் தம்பியிடம் சொன்னார். “அவரு சொன்னதை நான் மீறல. அவன் சாம்பலத் தொட வேணாம். கையைக் கட்டிக்கிட்டு உக்காரட்டும்.”

கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்து, “வாடா” என்றார். கூப்பிட்டது அவ்வளவுதான். அவன் ஓடி வந்தான்.

கப்பல்கள் நிற்கிற இடத்தைத் தாண்டியதும் காற்று எதிர்த்து அடித்தது. கடல் நல்ல நிலையில் இல்லை. ஆனால் படகு ஒரு தடவைகூடத் திணறவில்லை. அவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பி சட்டியைக் கடலில் இறக்கியபோதும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. உதிர்த்த பூக்கள் மட்டும் தண்ணீரில் அவனைத் தாண்டிப் போயின.

திரும்பும்போது ஒரு வழக்கம் உண்டு. கரைத்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போன உயிரைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள். எல்லோரும் கரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அக்காவும் மூக்கில், கரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். மச்சான் அக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தான். படகு மூச்சு இழுத்து மேலே ஏறியதும், அக்கா இடத்தை விட்டு அசைந்து, முதுகைக் கரைக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

“அண்ணி, திரும்பிப் பாக்காதீங்க, ஆகாது” என்று தம்பி பதறினார்.

“நான் கடலைப் பாக்கல” என்றார் அக்கா. “எடையைப் பாக்குறேன்.”

முள்ளை அவர் பார்க்கவே இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் ஈரமாக இருந்த மகனைத்தான் பார்த்தார்.

“சரியா இருக்கு” என்றார்.

ஜெட்டி வந்து சேரும் வரைக்கும் அவர் முன்னால் திரும்பவில்லை.